பி.டி. பீரியடில் எல்லாப் பிள்ளைகளும் ஓட: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை விளையாட்டுப் பாடவேளையை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடற்கல்வி ஆசிரியர்களோடு (பி.இ.டி.), அந்த போஸ்ட் இல்லாத பள்ளியில் தாமே விசிலைக் கையில் எடுக்கும் வகுப்பாசிரியர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். பயிற்சி வகுப்புகளின் டீ இடைவேளையில் சக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

பி.டி. பீரியடில் நாம் எதைச் சாதிக்க வேண்டும்? நல்ல டீம் உருவாக்குவதா, எல்லோருக்கும் உடற்பயிற்சி கொடுப்பதா?

எல்லாப் பிள்ளைகளும் ஓடியாட வேண்டும். அடுத்த பீரியட் எப்போது வரும் என்று ஏங்க வேண்டும். எனக்கு இந்த இரண்டும் நடந்தால் போதும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான பள்ளிகளின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பீரியட் கிடைத்தால் அதிகம். அதாவது 80 நிமிடம். ஒரு நொடி வீணாக்காமல் ஓடவிட்டாலும் வாரத் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியைப் பிள்ளைகள் சாயங்காலம் தெருவிலும், லீவு நாளில் களத்து மேட்டிலும் தாங்களாக விளையாடித்தான் ஈடுகட்ட வேண்டும். பள்ளியில் விளையாட்டு என்றாலே வெயிலில் வரிசை கட்டி நிற்பது என்று பழகிப்போன பிள்ளை, வீட்டுக்குப் போனதும் அம்மாவின் போனைத்தான் தேடும். விளையாட்டில் ருசி கண்ட பிள்ளையை யாரும் வெளியே தள்ளிவிட வேண்டியதில்லை.

பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்கு டீம் தயார் செய்வது நல்ல வேலைதான். அதைக் காலை பிரேயருக்கு முன்னும், சாயங்காலம் மணி அடித்த பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். டீமில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு விளையாட வேறு நேரம் இருக்கிறது. டீமில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு இந்த 40 நிமிடத்தை விட்டால் பள்ளியில் வேறு நேரமே இல்லை.

எங்கள் பள்ளியில் பி.இ.டி. கிடையாது. நான் நாலாம் வகுப்பு டீச்சர். எனக்கு எந்த விளையாட்டும் ஒழுங்காகத் தெரியாது. நான் எப்படி நடத்துவது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பதே 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, அதுவும் மாணவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினால்தான். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாம் வகுப்பாசிரியர் தலையில்தான். ஆனால் அந்தச் சட்டமே விளையாட்டுத் திடலையும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்களையும் பள்ளியில் இருக்க வேண்டியவையாகச் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இது கைகொடுக்கும்.

உங்களுக்கு விளையாடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, டீச்சர். எந்தப் பிள்ளை யாரோடு சேரும், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, யாருக்கு மூச்சிழுப்பு இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வரும் எந்தப் பயிற்சியாளருக்கும் இது தெரியாது. முதல் மாதத்துக்கு மூன்று விளையாட்டு போதும்: கல்லா மண்ணா, லாக் அண்ட் கீ, பூப்பறிக்க வருகிறோம். மூன்றும் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் பள்ளிச் சத்துணவு அக்காவிடம் கேளுங்கள், ஆடியே காட்டுவார்.

விசிலுக்கு மட்டும் முதல் நாளே பழக்குங்கள். ஒரு விசில் என்றால் இருந்த இடத்தில் நில்; இரண்டு விசில் என்றால் என்னிடம் ஓடி வா. இதையே ஒரு விளையாட்டாக வைத்து, ஓடவிட்டு, ஊதி, நிற்கவைத்து, மறுபடி ஓடவிடுங்கள். கால் மணி நேரத்தில் பழகிவிடும். அதன்பின் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்காது.

நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு பந்து. என்னதான் செய்ய முடியும்?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து பந்தை எறியச் சொல்கிறோம். ஒருவருக்கு 15 நொடி. ஒரு பிள்ளைக்கு மறுமுறை வாய்ப்பு வர 10 நிமிடம் ஆகும். இருபது நிமிடத்தில் அது பந்தைத் தொட்டது இரண்டே தடவை. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையை இழுத்தது, பின்னால் நிற்பவனிடம் குட்டு வாங்கியது, டீச்சரிடம் திட்டு வாங்கியது.

அதே நாற்பது பேரை ஐந்தைந்து பேராக எட்டு வரிசையில் பிரியுங்கள். 75 நொடிக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். இருபது நிமிடத்தில் 16 தடவை. பந்தைப் பிடிக்கவும் எறியவும் பிள்ளை கற்றுக்கொள்வது இந்தப் பதினாறு தடவையில்தான். சண்டை சச்சரவும் தானாகக் குறையும், ஏனென்றால் சும்மா நிற்க நேரமே இல்லை.

பந்து எட்டுக்கு எங்கே போவது? தையல்காரர் கடையில் வெட்டுத்துணி கேட்டால் பை நிறையக் கொடுப்பார். பழைய சாக்ஸுக்குள் அதைத் திணித்து, வாயைக் கட்டி, மேலே நூலால் இறுக்கிச் சுற்றினால் துணிப்பந்து தயார். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் கடைப் பந்தைவிட நல்லது: கீழே விழுந்தால் உருண்டோடாது, முகத்தில் பட்டாலும் வலிக்காது. பந்தைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகள் துணிப்பந்தில்தான் கண்ணைத் திறந்து பிடிக்கப் பழகுகிறார்கள். எல்லைக்கோட்டுக்குக் கோலமாவு, அடையாளத்துக்குக் கொட்டாங்குச்சி, தாண்டுவதற்குப் பழைய சைக்கிள் டயர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரே வாரத்தில் எல்லாம் வந்து சேரும்.

40 நிமிடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு வந்து சேரவே ஐந்து நிமிடம் ஓடிவிடும். வந்தவுடன் உட்காரவைத்து அட்டெண்டன்ஸ், அறிவுரை என்று ஆரம்பிக்காதீர்கள். வந்த வேகத்திலேயே எல்லோரும் ஓடும் ஒரு விளையாட்டில் இறக்கிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைகளை எண்ணிக்கொள்ளலாம். ஆறேழு நிமிடம் ஓடினால் உடம்பு சூடாகிவிடும். பிறகு பத்து நிமிடம் ஒரு திறன்: இன்று பிடிப்பது, அடுத்த வாரம் குதித்து இறங்குவது, அதற்கடுத்த வாரம் கயிறு தாண்டுவது. அடுத்த பதினைந்து நிமிடம் அந்தத் திறன் வருகிற மாதிரி ஒரு விளையாட்டு. கடைசியில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நேரம்.

நான் சேர்க்கச் சொல்வது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு பீரியடின் பாதியைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடுங்கள். நாலு மூலையில் நாலு விளையாட்டு, யாருக்கு எது பிடிக்கிறதோ அங்கே போகலாம். எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பார்த்தாலே அடுத்த மாதத்துக்கு என்ன திட்டமிடலாம் என்பது தெரிந்துவிடும்.

அணி பிரிக்கும்போதே சண்டை வருகிறது. கேப்டன்கள் ஒவ்வொருவராக ஆள் எடுத்தால் கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கிறது.

இரண்டு கெட்டிக்காரர்களை முன்னால் நிறுத்தி, ஐம்பது கண்கள் பார்க்க, ஒவ்வொருவராக ஆள் எடுக்கச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளை ஒவ்வொரு வாரமும் அதே பிள்ளைதான். அது படும் அவமானத்தை எந்த விளையாட்டாலும் ஈடுகட்ட முடியாது. பெரியவர்களான பிறகும் 'எனக்கு விளையாட்டே வராது' என்று சொல்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், பலரும் இந்த நிமிடத்தைத்தான் நினைவுகூர்வார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதற்கு ஓர் அருமையான வழி காலங்காலமாக இருக்கிறது: உத்தி பிரிப்பது. இரண்டு தலைவர்கள் மட்டும் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவரைத் தாங்களே ஜோடியாகத் தேடிக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடுபவன் நன்றாக ஓடுபவனோடு, மெதுவாக ஓடுபவள் மெதுவாக ஓடுபவளோடு. ஜோடி தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வரும். பிறகு தலைவரிடம் கேட்கும்: "யானை வேணுமா, புலி வேணுமா?" தலைவர் எதைச் சொல்கிறாரோ அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடியிடம் மற்றத் தலைவர் தேர்ந்தெடுப்பார்.

இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். பலம் தானாகவே சமமாகப் பிரிகிறது. எந்தப் பிள்ளையும் தனியாக மிஞ்சுவதில்லை. யாரை எடுக்கிறோம் என்று தலைவருக்கே தெரியாது, அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எனக்குச் சமமாக ஆடுகிறவர் யார் என்று தன்னைத் தானே எடைபோடவும் பிள்ளை பழகுகிறது. நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு வந்து "பரோட்டாவா, நூடுல்ஸா?" என்று கேட்பதையும், தலைவன் நெற்றியைச் சுருக்கி உண்மையிலேயே யோசிப்பதையும் பார்க்க வேண்டும். விளையாட்டு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆள் ஒற்றைப்படையாக வந்தால், மிஞ்சுகிறவர் பாதி நேரம் இந்தப் பக்கம், பாதி நேரம் அந்தப் பக்கம். அவசரமென்றால் சா பூ த்ரீ போட்டுக்கொள்ளட்டும்.

அவுட் ஆன பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

மியூசிக்கல் சேர் போன்ற விளையாட்டுகளில் முதலில் வெளியேறுவது ஓட்டமும் சுறுசுறுப்பும் குறைந்த பிள்ளை. யாருக்கு அதிகம் ஓட வேண்டியிருக்கிறதோ அவர்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

கபடியில் இதற்கு விதியே இருக்கிறது. உங்கள் அணி ஒருவரை அவுட் ஆக்கினால், வெளியே போன உங்கள் ஆள் ஒருவர் உள்ளே வருவார். லாக் அண்ட் கீயில் பிடிபட்டவர் அசையாமல் நிற்பார், தோழர் வந்து தொட்டால் மறுபடி ஓடலாம். மற்ற விளையாட்டுகளுக்கும் இப்படி ஒரு வாசல் வைத்துவிடுங்கள்: அவுட் ஆனவர் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வந்தால் மறுபடி ஆட்டம், அல்லது பத்து முறை கயிறு தாண்டிவிட்டு உள்ளே வரலாம், அல்லது எதிரணியில் சேர்ந்துகொள்ளலாம்.

கோ-கோ பற்றியும் ஒரு வார்த்தை. அற்புதமான விளையாட்டு. ஆனால் முழு ஆட்டத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் துரத்த, மூன்று பேர் ஓடுகிறார்கள். களத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஓடுவது நாலு பேர். நாற்பது பேர் வகுப்பில் ஒரே கோ-கோ நடத்தினால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து பேர் உட்காரும் சின்ன வரிசைகளாக நாலு போடுங்கள். தூண் இல்லாவிட்டால் செருப்பை வைத்துக்கொள்ளலாம். கிளித்தட்டு இந்த விஷயத்தில் இன்னும் மேல். கோடு காப்பவரும் கடப்பவரும் எந்நேரமும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

பையன்களுக்குக் கிரிக்கெட் தவிர வேறு எதுவும் வேண்டாமாம்.

கிரிக்கெட்டைத் தடுக்காதீர்கள், மாற்றுங்கள். எட்டுப் பேர், நாலு ஜோடி, ஒரு டென்னிஸ் பந்து. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஓவர் பேட் பிடிக்கும். அவுட் ஆனாலும் வெளியே போகத் தேவையில்லை. ஐந்து ரன் கழித்துவிட்டுத் தொடரலாம். பந்து வீச எல்லோருக்கும் முறை உண்டு. எட்டு ஓவரில் ஆட்டம் முடிந்துவிடும். முதல் பந்திலேயே போல்டாகி, மீதி நேரமெல்லாம் வேலியோரம் பந்து பொறுக்கும் சிறுவனுக்கும் ஜோடியோடு சேர்ந்து பன்னிரண்டு பந்து கிடைக்கும். வழக்கமாக பேட்டை விடாத பையன் முதல் வாரம் முணுமுணுப்பான். பிறகு ஜோடிக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவான், இருவர் ஸ்கோரும் ஒன்றுதானே.

ஆறாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகள் ஒதுங்க ஆரம்பிக்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்த வேண்டாம். ஏன் ஒதுங்குகிறார்கள் என்று பாருங்கள். துப்பட்டா பின் குத்தியிருக்கிறது, ஓடினால் நழுவும். பையன்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மாதவிடாய் நாளாக இருக்கலாம். கழிப்பறையில் தண்ணீர் வருமா என்று பயம். வீட்டில் 'வயசுக்கு வந்த பிள்ளை ஓடியாடலாமா' என்று பாட்டி சொல்லியிருப்பார். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பிள்ளைக்கு விளையாட்டில் ஆசையில்லை என்பதைக் காட்டவில்லை.

பி.டி. இருக்கும் நாளில் டி-ஷர்ட், டிராக் பேன்ட்டில் வரலாம் என்று தலைமையாசிரியர் மூலம் அறிவித்துவிடுங்கள். கிரவுண்டில் அவர்களுக்கென்று ஒரு பாதி, வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாத பாதி வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடுவதானால் வலைக்கு இருபுறமும் ஆடும் விளையாட்டுகள் நல்லது: எறிபந்து, டென்னிகாய்ட் (ரப்பர் வளையத்தை எறிந்து பிடிப்பது), பூப்பந்து. இடிபடும் பயம் இல்லை. மாதவிடாய் நாளில் விளையாடக்கூடாது என்று மருத்துவம் எதுவும் சொல்லவில்லை. லேசான அசைவு வலியைக் குறைக்கவும் செய்யும். ஆனால் அன்று ஆடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை முடிவுசெய்யட்டும், காரணம் கேட்காதீர்கள். 'இன்னைக்கு ஸ்கோர் எழுதுறேன் சார்' என்று சொன்னால் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். அம்மாக்களைப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மியூசிக்கல் பால், ஒரு கயிறு இழுத்தல் ஆடவையுங்கள். வீட்டில் பேச்சு மாறும்.

உடல் பருமனான பிள்ளைகள், மெதுவாக ஓடும் பிள்ளைகள் விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்?

எல்லோர் முன்னாலும் எடை பார்த்து உரக்கப் படிக்காதீர்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் முதல் மூன்று வகுப்புக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்ப்பது), ஒற்றைக்காலில் நிற்பது, இரண்டு தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தொடுவது ஆகியவையும், நாலாம் வகுப்பிலிருந்து 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் வளைவது, தண்டால் போன்றவையும் இருக்கின்றன. நல்ல சோதனைதான், நடத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 600 மீட்டரை முப்பது பேரும் ஒன்றாக ஓடி, கடைசியில் ஒரே ஒரு பிள்ளை தனியாகத் திணறி வர, மற்றவர்கள் கைகொட்டிச் சிரிப்பது போல நடத்தாதீர்கள். ஐந்தைந்து பேராக, வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கவையுங்கள். யார் முதல், யார் கடைசி என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஜூலையில் எடுத்த நேரத்தையும் ஜனவரியில் எடுத்த நேரத்தையும் அந்தப் பிள்ளையிடம் மட்டும் காட்டுங்கள். பதினைந்து நொடி குறைந்திருந்தால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பருமனான பிள்ளைகள் பலர் எறிவதிலும் இழுப்பதிலும் மற்றவர்களைவிட பலசாலிகள். குண்டு எறிதலும் கயிறு இழுத்தலும் மாதத்தில் ஒருமுறையாவது வரட்டும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது? அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கிய சிறுவன்தான் மாரியப்பன் தங்கவேலு. பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆசிரியர் 'உனக்கு எதுக்குடா, ஓரமா உட்காரு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள்: "இதை நீ எப்படிச் செய்வே?" பெரும்பாலும் அதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும். பார்வைக் குறைவு என்றால் பந்துக்குள் கூழாங்கல் போட்ட சின்ன டப்பாவை வைத்துத் தைத்து, சத்தம் வரும் பந்து செய்யலாம். காது கேட்காத பிள்ளைக்கு விசிலோடு ஒரு கொடியையும் அசையுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஓட வேண்டிய தூரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது எல்லோரையும் உட்கார்ந்து வாலிபால் ஆடவையுங்கள். பாராலிம்பிக்கிலேயே இருக்கும் விளையாட்டு அது. நடுவராக நிற்கவைப்பது எப்போதாவது சரி. ஒவ்வொரு வாரமும் அதையே செய்தால், அது ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வதுதான்.

எங்களுக்கு மைதானமே இல்லை.

நகரத்துப் பள்ளிகளில் இதுதான் நிலை. பிரேயர் நடக்கும் சிமென்ட் தளம் இருந்தால் அங்கே பெயின்ட்டில் பாண்டிக் கட்டங்கள் நாலைந்து வரைந்துவிடுங்கள்; இடைவேளையிலும் பிள்ளைகள் தாமாகத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். கயிறு தாண்டுவதற்கு ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் போதும். வகுப்பறைக்குள் என்றால் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒற்றைக்கால் சமநிலை, துணிப்பந்து பிடித்தல், யோகாசனம். பக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா இருந்தால் வாரம் ஒருநாள் அனுமதி வாங்கிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் சரியில்லாத மொட்டைமாடிக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் கூட்டிப் போகாதீர்கள்.

வெயிலில் விளையாடவிடலாமா? சாப்பிட்ட உடனே?

முடிந்தவரை பி.டி. பீரியடைக் காலை முதல் இரண்டு பாடவேளையிலோ கடைசிப் பாடவேளையிலோ வைக்கச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு முடிந்தவுடன் வைத்தால் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும்தான் மிச்சம். மார்ச், ஏப்ரலில் உச்சி வெயில் நேரத்தில் கிரவுண்டில் இறக்கவே கூடாது, மரத்தடி விளையாட்டு மட்டும்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கவையுங்கள். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். கிரவுண்டில் நம் விசிலே அந்த மணியாக இருக்கலாம். தலைசுற்றல், குமட்டல் என்று ஒரு பிள்ளை சொன்னால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருங்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் முதல் பீரியடில் மயங்கி விழுவது பழைய கதை. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு தொடக்கப் பள்ளிகளில் இந்தக் கவலை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: "காலைல என்னடா சாப்பிட்டே?"

அடிபட்டால்?

விளையாடவிடும் முன் கிரவுண்டை ஒரு நடை நடந்து பாருங்கள். கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள், மூடாத குழி. வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் பாதிப் பேர் இருப்பார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே இழுப்பு, வலிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் யார் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பில் உள்ள பைக்குள் இருக்கக்கூடாது, உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டு, குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. லேசானது என்று தோன்றினாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி ஆடக்கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று: விழுந்து முளைத்த பல், வேரோடு பெயர்ந்து வந்துவிட்டால் அதை வேரைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்தும் வாய்ப்பு உண்டு. வேரைத் தேய்த்துக் கழுவக்கூடாது. பால்பல்லுக்கு இது பொருந்தாது.

சேட்டை செய்தால் கிரவுண்டைச் சுற்றி மூணு ரவுண்டு ஓடவிடலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாக்கிவிட்டு, அடுத்த நாள் அதையே ஆசையோடு செய் என்று எப்படிக் கேட்பது? சேட்டை செய்யும் பிள்ளையை இரண்டு நிமிடம் என் பக்கத்தில் நில் என்றால் போதும். கிரவுண்டில் விளையாட்டு சுவாரசியமாக இருந்தால் அந்த இரண்டு நிமிடமே அதற்குப் பெரும் பாடு.

கணக்கு சார் பி.டி. பீரியடைக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வருத்தம் வருகிறது.

நேராகச் சொல்லிவிடுங்கள், சண்டை போடாமல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடலசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகளில் ஏறக்குறையப் பாதி சாதகமாக இருந்தன. மீதி பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் இல்லாதவை. பாதகமானவை வெறும் 1.5 சதவீதம். பி.டி. பீரியடை வெட்டுவதால் மார்க் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் பல பள்ளிகளில் பீரியட் பறிபோவதற்கு நாமும் ஒரு காரணம். பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், அதை ஒரு பாடம் என்று யார் மதிப்பார்கள்? இந்த மாதம் என்ன திறன், யார் யார் முன்னேறியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு சாரை ஒருநாள் கிரவுண்டுக்கு அழைத்துவந்து எட்டு வரிசையையும் காட்டுங்கள். தாண்டிய தூரத்தை அளப்பது, சராசரி போடுவது, ஓவருக்கு எத்தனை ரன் என்று பார்ப்பது எல்லாம் அவர் பாடமும்தான்.

விளையாட்டு மானியத்தில் என்ன வாங்கலாம்?

மத்திய, மாநில அரசுகள் பள்ளிகளுக்கு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை விளையாட்டுக்கென்று உண்டு. ஒரு முழு கிரிக்கெட் கிட்டும் இரண்டு கேரம் போர்டும் வாங்கி, பீரோவில் பூட்டி வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

என்னைக் கேட்டால், விலை குறைந்ததை எண்ணிக்கையில் அதிகமாக வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும். ஸ்கிப்பிங் கயிறு, கடைக் கயிறு வேண்டாம், மொத்தமாக நைலான் கயிறு வாங்கிப் பிள்ளைகளின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பத்து டென்னிகாய்ட் ரிங். இரண்டு நிறத்தில் கையில்லாத பனியன், அணி தெரிய. ஒரு காற்றடிக்கும் பம்ப்பும் ஊசியும். பம்ப்பு இல்லாமல் காற்றுப்போன வாலிபால் கிடக்காத பள்ளியை நான் பார்த்ததே அபூர்வம். முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு, பேண்டேஜ், க்ரேப் பேண்டேஜ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீரோ சாவியை ஆபீஸில் வைக்காமல், வாரம் ஒருவராக மாறும் ஐந்தாம் வகுப்பு விளையாட்டு மானிட்டரிடம் கொடுங்கள். காலையில் எண்ணி எடுத்து, சாயங்காலம் எண்ணி வைப்பது அவர் பொறுப்பு. பந்து ஒன்றிரண்டு தொலையும். தொலையட்டும், அடுத்த ஆண்டு மானியத்தில் வாங்கிக்கொள்ளலாம்.